பெண்மானைக் கொல்வதா, கொல்வதென்றால் எப்போது: ஒஹாயோ மலைநிலம் ஒன்றில் மூன்று பருவங்கள்

பின்னணி

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் தென்கிழக்கே, 240 ஏக்கர் தனியார் நிலம் ஒன்றில் ஆறு வேட்டைக்காரர்கள் தொடர்ந்து மூன்று பருவங்களில் எடுத்த முடிவுகளையும் அவற்றின் விளைவுகளையும் இந்த ஆய்வு பதிவுசெய்கிறது. அந்த அறுவரில் நானும் ஒருவன். குறிப்பேடு என் பொறுப்பில் இருந்தது. இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றமாகும். இங்கே பேசப்படும் வெண்வால் மானோ, மாநில அரசு உரிமமும் வரம்பும் வகுத்து ஆண்டுதோறும் வேட்டைக்குத் திறந்துவிடும் இனம். அதன் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைத்திருந்த ஓநாயும் மலைச்சிங்கமும் அங்கிருந்து எப்போதோ அழிக்கப்பட்டுவிட்டன. வேட்டையாடி மானைக் கொல்வதை 'அறுவடை' என்று அங்கே நாகரிகமாகச் சொல்வார்கள். நான் கொல்வது என்றே எழுதுகிறேன், ஏனெனில் எடுக்க வேண்டியிருந்த முடிவின் கனம் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

நிலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஓக், ஹிக்கரி மரங்கள் நிறைந்த சரிவுகள். ஓடையை ஒட்டிய சமதளத்தை ஒரு விவசாயி குத்தகைக்கு எடுத்துச் சோயாவும் மக்காச்சோளமும் மாற்றி மாற்றிப் பயிரிட்டு வந்தார். நிலத்தின் உரிமையாளர் எழுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணி. வேட்டையை ஒருங்கிணைத்தவர் அவருடைய அண்ணன் மகன். அந்தப் பெண்மணியின் மறைந்த கணவருக்கு நண்பரான முதியவர் ஒருவர், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அதே சரிவில் வேட்டையாடி வந்தவர். சகோதரர் இருவர், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர் ஒருவர், நான் என எஞ்சியவர்கள் நால்வர்.

எழுதப்படாத விதி

அந்த நிலத்தில் பெண்மானைச் சுடக்கூடாது என்பது எங்கும் எழுதப்படாத விதியாக இருந்தது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. எங்கள் கவுண்டியில் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) ஒருவர் ஒரு பருவத்தில் மூன்று மான்கள் வரை கொல்லலாம், கொம்புள்ள மானோ மாநிலம் முழுவதிலும் ஒருவருக்கு ஒன்றுதான். ஆகவே சட்டத்தின் சாய்வு பெண்மான்களைக் குறைக்கும் பக்கமே இருந்தது. இருந்தும் முதியவர் ஒரு பெண்மானையும் சுட்டதில்லை. அவர் முன்னால் மற்றவர்களும் சுட்டதில்லை.

அவருடைய நிலைப்பாட்டை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமாகாது. 1904 வாக்கில் ஒஹாயோவில் காட்டுமானே இல்லை என்ற நிலை வந்திருந்தது. மான்கள் மெல்லத் திரும்பி, 1943 இல் மூன்று கவுண்டிகளில் மட்டும் மீண்டும் வேட்டை அனுமதிக்கப்பட்டது. அந்தத் தலைமுறைக்குப் பெண்மான் என்பது விதைநெல். அதே 1943 இல் விஸ்கான்சின் மாநிலத்தில், குளிர்காலத்தில் பட்டினியால் மான்கள் செத்துக்கொண்டிருந்த நிலையில், கொம்பில்லாத மான்களையும் சுட அனுமதி கிடைத்தபோது பொதுமக்களிடம் பெருங்கோபம் எழுந்தது. அந்த முடிவை ஆதரித்த வனவிலங்கு அறிஞர் ஆல்டோ லியோபோல்ட் கடும் வசைக்கு ஆளானார். பஞ்சகாலத்தில் சரியாக இருந்த விதியைப் பஞ்சம் தீர்ந்த பிறகும் கைவிட மனம் வருவதில்லை. எங்கள் முதியவர் தம் தந்தையிடம் கற்றது அந்த விதியைத்தான்.

முதல் ஆண்டில் கண்டவை

பேச்சைத் தொடங்கிவைத்தவர் குத்தகை விவசாயி. காட்டை ஒட்டிய வரிசைகளில் சோயாச் செடிகள் காய் பிடிக்கும் முன்பே மொட்டையாகின்றன என்று அவர் முறையிட்டதும், உரிமையாளர் தம் அண்ணன் மகனிடம் ஏதாவது செய்யச் சொன்னார். எதையும் செய்வதற்கு முன் அளந்து பார்ப்பது என்று முடிவாயிற்று.

மார்ச் மாதத்தில் காட்டுக்குள் மூன்று இடங்களில் கம்பிவலையாலான வட்டக் கூண்டுகளை நட்டோம். ஒவ்வொன்றும் சுமார் 1.2 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் உயரமும் கொண்டது. மான் எட்டமுடியாத ஒரு துண்டு நிலம் என்னவாகிறது என்று பார்ப்பதே நோக்கம். மே முதல் வாரத்தில் நானும் முதியவரும் வடக்குச் சரிவின் கூண்டுக்குப் போனோம். உள்ளே இரண்டு டிரில்லியம் செடிகள் மூன்று வெள்ளை இதழ்களோடு பூத்திருந்தன. அதுதான் ஒஹாயோவின் மாநிலக் காட்டுப்பூ. கூண்டுக்கு வெளியே, ஒரு முழத் தூரத்தில், அதே செடியின் தண்டுகள் நான்கு நின்றன; இலையும் பூவும் இல்லை, நுனி நார்நாராகக் கிழிந்திருந்தது. மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. முயல் கத்தியால் சீவியதுபோல நறுக்கிச் செல்லும். மான் கடித்து இழுப்பதால் நுனி கிழிந்துதான் நிற்கும். முதியவர் மண்டியிட்டு ஒரு தண்டை விரலால் தடவிப் பார்த்தார். "இந்தப் பூ ஒருகாலத்தில் இந்தச் சரிவு முழுக்கப் பூத்துக் கிடக்கும். வேறு ஏதோ காரணத்தால் போய்விட்டது என்று நினைத்திருந்தேன்" என்றார். அன்று அதற்குமேல் அவர் எதுவும் பேசவில்லை.

காட்டின் மற்ற பகுதிகளும் அதே செய்தியைத்தான் சொல்லின. தரையிலிருந்து ஏறக்குறைய 1.5 மீட்டர் உயரம் வரை, மான் வாய் எட்டும் மட்டத்துக்குக் கீழே, பச்சை என்பதே அருகியிருந்தது. இருந்ததெல்லாம் மான் தொடாத பாபா என்னும் சிறு மரத்தின் கன்றுகளும் ஆசியாவிலிருந்து வந்து பரவிய ஒருவகைப் புல்லும்தான். ஓக் கொட்டைகள் முளைத்திருந்தன. ஆனால் கூண்டுக்கு வெளியே கணுக்கால் உயரத்தைத் தாண்டிய ஓக் கன்று ஒன்றுகூட எங்கள் கண்ணில் படவில்லை. தலைக்குமேல் நூறாண்டு மரங்கள், காலடியில் அவற்றின் வாரிசுகளே இல்லாத காடு.

ஆகஸ்ட் கடைசியில் மூன்று தானியங்கிக் கேமராக்களை மக்காச்சோளக் குவியல்களுக்கு எதிரே 14 நாட்கள் வைத்தோம். உடல்நலிவு நோய் என்னும் மான்நோய் 2020 இறுதியில் வயண்டாட் கவுண்டியின் காட்டுமான்களில் கண்டறியப்பட்ட பிறகு, நோய்க் கண்காணிப்புப் பகுதிகளில் இப்படித் தீவனம் வைக்கத் தடை உண்டு. எங்கள் நிலம் அப்பகுதிக்குள் வரவில்லை. கணக்கிடும் முறை எளியது. ஆண்மான்களை அவற்றின் கொம்பமைப்பை வைத்துத் தனித்தனியாக அடையாளம் காணலாம். பெண்மான்களை அப்படிக் காணமுடியாது. எனவே ஓர் ஆண்மான் சராசரியாக எத்தனை முறை படத்தில் விழுகிறது என்று கணித்து, பெண்மான்களும் குட்டிகளும் அதே வீதத்தில் விழுவதாகக் கொள்ள வேண்டும். 9 ஆண்மான்கள் 180 முறை படத்தில் விழுந்திருந்தன, அதாவது ஒன்றுக்கு 20 முறை. பெண்மான்கள் 440 முறை, குட்டிகள் 300 முறை. ஆக 22 பெண்மான்கள், 15 குட்டிகள். இவை அனைத்தும் அந்த 240 ஏக்கரில் குடியிருப்பவை அல்ல, அதன் வழியாக வந்துபோகிறவை என்பதை அப்போதே குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். ஒரு பெண்மானுக்கு ஒரு குட்டிகூட இல்லை என்பதே எண்ணிக்கையைவிட என்னை அதிகம் உறுத்தியது. நல்ல தீவனம் கிடைத்தால் முதிர்ந்த பெண்மான் இரட்டைக் குட்டிகளை ஈனும். நரிகளும் ஓநாய்க்கு உறவான கொயோட்டேவும் சில குட்டிகளைக் கொண்டுபோகும் என்றாலும், இந்த விகிதம் தாய்களின் உடல்நிலையையும் கேள்விக்கு உள்ளாக்கியது.

எத்தனை என்ற கேள்வி

செப்டம்பரில் உரிமையாளரின் வீட்டில் கூடினோம். ஓய்வுபெற்ற வனவிலங்கு உயிரியலாளர் ஒருவரும் அழைப்பின்பேரில் வந்திருந்தார். எண்ணிக்கை ஏறாமல் நிறுத்த வேண்டுமென்றால் பெண்மான்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றை ஆண்டுதோறும் எடுக்க வேண்டியிருக்கும், குறைக்க வேண்டுமென்றால் மூன்றில் ஒன்றையாவது எடுக்க வேண்டும் என்பது அவருடைய தோராயக் கணக்கு. ஆண்மான்களை மட்டும் சுட்டு எண்ணிக்கையைக் குறைக்க இயலாது என்பதை அவர் விளக்கியபோது முதியவரே தலையசைத்தார். ஓர் ஆண்மான் பல பெண்மான்களோடு இணையும், குட்டிகளின் தொகையை முடிவுசெய்வது தாய்களின் தொகைதான்.

மற்றொரு செய்தியும் எங்கள் முடிவைப் பாதித்தது. வெண்வால் மானில் இளம் ஆண்கள் பிறந்த இடத்தைவிட்டு வெகுதூரம் போய்விடும். பெண்கள் பெரும்பாலும் தாயின் எல்லையை ஒட்டியே தங்கிவிடும். பாட்டி, தாய், மகள் என்று ஒரே சரிவில் தலைமுறைகள் அடுக்கடுக்காகச் சேரும். ஆகவே ஓரிடத்தில் பெண்மான்களைக் குறைத்தால் அக்கம்பக்கத்து மான்கள் உடனே வந்து அந்த இடத்தை நிரப்பிவிடுவதில்லை. அண்டை நிலத்தவர்கள் ஆண்மான்களை மட்டுமே சுடுபவர்கள் என்றாலும், எங்கள் முயற்சி வீண்போகாது என்ற நம்பிக்கை இதனால் வந்தது.

எட்டு என்று தீர்மானித்தோம். 22 இல் 8 என்பது மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல். முதியவர் எதிர்க்கவில்லை, தாம் சுடப்போவதில்லை என்று மட்டும் சொன்னார்.

எப்போது என்ற கேள்வி

இதில்தான் நீண்ட விவாதம் நடந்தது, ஏனெனில் வேட்டைப் பருவம் ஒரே நீட்சி அல்ல. வில்லுக்கும் குறுக்குவில்லுக்குமான காலம் செப்டம்பர் கடைசியில் தொடங்கிக் குளிர்காலத்தின் நடுவரை நீள்கிறது. துப்பாக்கிக்கான ஒரு வாரம், நவம்பரின் நான்காம் வியாழனில் வரும் நன்றிகூறல் நாளை அடுத்த திங்களன்று தொடங்குகிறது. ஜனவரியில் முன்வாய்த் துப்பாக்கிக்கென்று (குழல் வாய்வழியாக மருந்தும் குண்டும் திணித்துச் சுடும் வகை) சில நாட்கள் உண்டு.

சகோதரர் இருவரும் பெண்மான்களை ஜனவரிக்குத் தள்ளிவைக்கலாம் என்றார்கள். பெண்மான்கள் இருந்தால்தான் நவம்பரில் ஆண்மான்கள் அவற்றைத் தேடி வரும், முன்கூட்டியே சுட்டுச் சலசலப்பு உண்டாக்கக்கூடாது என்பது அவர்கள் வாதம். உயிரியலாளர் அதை மறுத்தார். அக்டோபரில் கொன்றாலும் ஜனவரியில் கொன்றாலும் அடுத்த கோடையில் பிறக்கப்போகும் குட்டிகளின் கணக்கு ஒன்றுதான். ஆனால் ஜனவரிவரை உயிரோடிருக்கும் எட்டு மான்கள் அதுவரை அந்தக் காட்டின் ஓக் கொட்டைகளையும் மொட்டுகளையும் தின்று தீர்க்கும், எஞ்சப்போகும் மான்கள் அந்த அளவுக்கு இளைத்துக் குளிர்காலத்துக்குள் நுழையும். மேலும், ஜனவரியில் சில ஆண்மான்கள் கொம்பை உதிர்த்துவிட்டிருக்கும். கொம்பில்லாத தலை என்பதால் அது பெண் என்று உறுதியாகாது. தள்ளிப்போட்டே பழகியவர்கள் பருவம் முடியும்போது எண்ணிக்கையை எட்டுவதில்லை என்பதையும் அவர் சேர்த்துக்கொண்டார்.

முதியவரின் கேள்வி வேறு. தாய் செத்தால் குட்டி என்னவாகும் என்றார். இது உணர்ச்சிவசப்பட்ட கேள்வி என்று ஒருவர் முணுமுணுத்தார்; எனக்கு அப்படித் தோன்றவில்லை, அன்றைய கூட்டத்தில் மிகத் துல்லியமான கேள்வி அதுதான். நவம்பர் நடுவில் இணைசேரும் மான், ஏறக்குறைய 200 நாள் சினைக்குப் பிறகு மே இறுதியிலோ ஜூன் தொடக்கத்திலோ ஈனும். பத்துப் பன்னிரண்டு வாரங்களில் குட்டியின் இரைப்பை தழையைச் செரிக்கும் நிலைக்கு வந்துவிடும். அதன்பிறகு குடிக்கும் பால் பழக்கத்துக்காகத்தான், உயிர்வாழ்வதற்கு அது தேவையில்லை. அக்டோபர் நடுவில் குட்டிக்கு நான்கரை மாதம் ஆகியிருக்கும். ஆனால் முதல் சுற்றில் சினைப்படாமல் தாமதமாக இணைசேர்ந்தவற்றின் குட்டிகள் ஜூலையிலும் ஆகஸ்டிலும் பிறக்கும். இரண்டு விதிகள் இதிலிருந்து பிறந்தன: அக்டோபர் இரண்டாம் வாரத்துக்கு முன் எந்தப் பெண்மானையும் தொடுவதில்லை, உடலில் புள்ளி மறையாத குட்டியோடு வரும் தாயை எந்த நாளிலும் தொடுவதில்லை.

மூன்றாவது விதி இறைச்சி கெடாமல் காப்பதற்கானது. அக்டோபர் மாலைகள் சூடாக இருக்கக்கூடும். அடிபட்ட மான் இருட்டுக்குள் ஓடிவிட்டால் விடியும்வரை காத்திருந்து தேட நேரும். அதற்குள் இறைச்சி கெட்டுவிடும். ஆகவே இரவு வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்களில், கடைசி அரைமணி நேரத்தில் அம்பு எய்வதில்லை என்று வகுத்துக்கொண்டோம்.

எதைச் சுடுவது என்பதைப் பற்றி, முதிர்ந்த பெண்மானாக இருக்க வேண்டும் என்பதற்கு மேல் நாங்கள் எதுவும் எழுதிவைக்கவில்லை. அந்தக் குறை விரைவிலேயே வெளிப்பட்டது.

முதல் பருவம்

அக்டோபர் மூன்றாம் வாரத்தில் இளைஞர் ஒரு வெள்ளை ஓக் மரத்தடிக்கு எதிரே பரணில் இருந்தார். சூரியன் மறைந்து கால்மணி நேரம் ஆகியிருந்தது. சட்டப்படி இன்னும் கால்மணி நேரம் உண்டு, இரவும் குளிராக இருந்தது. கொம்பில்லாத மான் ஒன்று தனியாக வந்து கொட்டைகளைப் பொறுக்கத் தொடங்கியது. 22 மீட்டர் தூரம், பக்கவாட்டில் நின்றது. அம்பு சரியாகவே பாய்ந்தது. மான் 60 மீட்டருக்குள் விழுந்தது. அவர் அழைத்ததும் நானும் அண்ணன் மகனும் விளக்கோடு போனோம். தூரத்திலிருந்தே அது சிறியதாகத் தெரிந்தது. இளைஞர் குனிந்து அதன் நெற்றியில் கை வைத்தார். காதுகளுக்கு முன்னால், மயிர் மூடிய தோலுக்கு அடியில், பட்டாணி அளவில் இரண்டு முண்டுகள் விரலுக்குத் தட்டுப்பட்டன. அந்த ஆண்டு பிறந்த ஆண்குட்டி. அவர் அந்த இடத்திலிருந்து கையை எடுக்க நேரமாயிற்று.

சட்டம் மீறப்படவில்லை, 3 அங்குலத்துக்குக் குறைவான கொம்புள்ள மான் ஒஹாயோவில் கொம்பில்லாத மானாகவே கொள்ளப்படும். எங்கள் நோக்கம்தான் தவறியது. அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. தவறு எங்கள் விதியில் இருந்தது; 'முதிர்ந்த பெண்மான்' என்று எழுதிய நாங்கள் அதை எப்படி அறிவது என்று எழுதவில்லை. மறுநாள் முதியவர் எங்கள் அனைவரையும் உட்காரவைத்து, கேமராப் படங்களைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். பெண்மானைச் சுடாமலே நாற்பது ஆண்டுகள் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். முதிர்ந்த பெண்மானின் முகம் நீளம், கண்ணிலிருந்து மூக்குவரை நெடுக ஓடும், அதனால் காது சிறிதாகத் தோன்றும். குட்டியின் முகம் குட்டை, காது பெரிது. தாயின் உடல் நீள்சதுரம், குட்டியினுடையது ஏறக்குறைய சதுரம். இரு காதுகளுக்கிடையே உச்சி வளைந்திருந்தால் பெண், தட்டையாக இருந்தால் ஆண்குட்டியாக இருக்கலாம். இவற்றுக்கெல்லாம் மேலாக, தனியாக வரும் சிறிய மானை நம்பக்கூடாது என்றார். ஆண்குட்டிகள் துணிச்சலானவை, தாய் தயங்கி நிற்கும் வெளிக்கு முதலில் இறங்கி வருபவை அவையே. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு மான் பக்கத்தில் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து, இரண்டோ அதற்கு மேலோ சேர்ந்து நின்றால் ஒழிய, கொம்பில்லாத மானைச் சுடுவதில்லை என்பது எழுதப்பட்ட விதியாயிற்று. மூன்று பருவங்களில் மீண்டும் ஓர் ஆண்குட்டி தவறிச் சாகவில்லை.

பருவத்தின் முடிவில் 7 பெண்மான்கள்: 5 அக்டோபரிலும் நவம்பர் முதல் வாரத்திலும், 2 துப்பாக்கி வாரத்திலும். ஒவ்வொன்றின் கீழ்த்தாடையையும் எடுத்துவைத்தோம். மூன்றாவது முன்கடைவாய்ப்பல் மூன்று முகடுகளோடு இருந்தால் ஒன்றரை வயது, அது விழுந்து இரு முகடுள்ள பல் வந்திருந்தால் அதற்கு மேல். ஒன்றரை வயதுள்ளவை இரண்டு. குடல் நீக்கிய எடை 35, 36 கிலோ. முதிர்ந்த ஐந்தில் மூன்றின் மடியில்தான் பால் இருந்த அடையாளம் தெரிந்தது. முதிர்ந்த பெண்மானில் ஐந்துக்கு இரண்டு குட்டியை வளர்த்திருக்கவில்லை என்பது, சிறிய கணக்கானாலும், கேமரா சொன்னதோடு ஒத்துப்போனது. மூன்று மான்களின் இறைச்சி உணவு வங்கிக்குப் போயிற்று.

இரண்டாம் ஆண்டு

இரண்டாம் ஆண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆகஸ்ட் கணக்கில் 19 பெண்மான்கள், 15 குட்டிகள். 7 என்று தீர்மானித்து 7 கொன்றோம், அவற்றில் 6 நவம்பர் 5 க்குள். பெண்மான்களை முன்கூட்டியே சுட்டால் ஆண்மான்கள் வராது என்ற சகோதரர்களின் அச்சம் மெய்ப்படவில்லை; தேடவேண்டிய பெண்மான்கள் குறைந்ததாலோ என்னவோ, அந்த நவம்பரில் பட்டப்பகலில் நடமாடிய ஆண்மான்களை முந்தைய ஆண்டைவிடக் கூடுதலாகவே பார்த்தோம். ஓர் ஆண்டுத் தரவை வைத்து இதை ஒரு சட்டமாகச் சொல்ல நான் துணியமாட்டேன்.

ஏழாவது மானைக் கொன்றவர் முதியவர். துப்பாக்கி வாரத்தின் வியாழன் காலை, மூன்று மான்களில் நடுவில் நின்றதை, தோள்பட்டைக்குப் பின்னால் ஒரே தோட்டாவில். நான் போய்ச் சேர்ந்தபோது அதன் அருகே தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். எடைபோட வரும்வரை எதுவும் சொல்லவில்லை.

மூன்றாம் ஆண்டு: ஓடையோரத்து மான்கள்

மூன்றாம் ஆண்டின் ஆகஸ்ட் தொடக்கத்தில், வழக்கத்தைவிட முன்கூட்டியே, கேமராக் கணக்கை முடித்திருந்தோம். 17 பெண்மான்கள், 14 குட்டிகள். தாய்க்குக் குட்டி விகிதம் இரண்டாம் முறையாக உயர்ந்திருந்தது. 6 என்று எண்ணிக்கையையும் தீர்மானித்துவிட்டோம்.

ஆகஸ்ட் இறுதியில் விவசாயி தொலைபேசியில் அழைத்தார். கோடை வறட்சியில் ஓடை வற்றித் தேங்கல்களாக நின்றது. அதில் ஒரு தேங்கலின் ஓரத்தில் மூன்று மான்கள் செத்துக் கிடப்பதாகச் சொன்னார். போய்ப் பார்த்தோம். ஒரு பெண்மான் முன்னங்கால்கள் தண்ணீருக்குள் இருக்க, கரையில் தலைசாய்த்துக் கிடந்தது. நாக்கு வீங்கி நீலம்பாரித்து வாய்க்கு வெளியே தொங்கியது. உடலில் காயம் ஒன்றும் இல்லை. வனவிலங்குத் துறைக்குத் தெரிவித்தோம். சேற்றில் பெருகும் மிகச்சிறிய கடிபூச்சிகளால் பரவும் குருதிக்கசிவு நோய் அது. கடுங்காய்ச்சல் தாளாமல் மான் தண்ணீரைத் தேடிப் போய் அங்கேயே சாகும். மனிதருக்குத் தொற்றாது. முதல் கடும் உறைபனி பூச்சிகளைக் கொல்லும்வரை நோய் ஓயாது.

ஆறு வாரங்களில் எங்கள் நிலத்தில் மட்டும் 11 சடலங்களைக் கண்டோம், அவற்றில் 5 முதிர்ந்த பெண்மான்கள். புதருக்குள் எங்கள் கண்ணில் படாமல் போனவை எத்தனை என்பதற்குக் கணக்கில்லை.

உறைபனிவரை காத்திருத்தல்

அக்டோபர் தொடக்கத்துக் கூட்டம் முதலாம் ஆண்டுக் கூட்டத்தைத் தலைகீழாக்கியது போல இருந்தது. அண்ணன் மகன் ஆறு என்ற எண்ணை விட மறுத்தார். இரண்டாண்டு உழைப்பு வீணாகிவிடும், காடு இன்னும் மீளவில்லை, கவுண்டி வரம்பும் மாறவில்லை என்றார். முதியவர் ஒன்றுகூடக் கூடாது என்றார். இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. கூண்டுக்கு வெளியே ஓக் கன்றுகள் அப்போதுதான் முழங்கால் உயரத்தை எட்டத் தொடங்கியிருந்தன. அதேவேளை, ஆறு என்ற எண் பிறந்தபோது இருந்த மந்தை இப்போது இல்லை.

அன்று எண்ணிக்கையைத் தீர்மானிப்பதில்லை என்பதையே முடிவாக எடுத்தோம். முதல் ஆண்டில் முன்கூட்டியே கொன்றதற்குக் காரணம், எத்தனை மான்கள் இருக்கின்றன என்பது எங்களுக்கு ஓரளவு உறுதியாகத் தெரிந்திருந்தது, தாமதித்தால் இழப்புதான். இப்போதோ சாவு நின்றபாடில்லை. இன்று நாம் கொல்லும் மான் நோயில் தப்பிப்பிழைத்த ஒன்றாக, அடுத்த ஆண்டு மந்தையைத் தாங்கவேண்டிய ஒன்றாக இருக்கலாம். ஆகவே உறைபனி விழும்வரை எந்தப் பெண்மானையும் தொடுவதில்லை, பரணில் இருக்கும் ஒவ்வொரு மணிநேரத்திலும் கண்ட மான்களை மட்டும் குறித்துவருவது என்று ஒத்துக்கொண்டோம். அக்டோபர் கடைசியில் கேமராக் கணக்கை மீண்டும் எடுக்கலாம் என்று ஒருவர் சொன்னதை நான் மறுத்தேன். ஓக் கொட்டை உதிர்ந்து, ஆண்மான்கள் அலையத் தொடங்கிய காலத்துப் படங்களை ஆகஸ்ட் படங்களோடு ஒப்பிடமுடியாது. பரண் குறிப்புகள் மூன்றாண்டுகளுக்கும் ஒரே முறையில் எழுதப்பட்டவை. முதல் ஆண்டு அக்டோபரில் மணிக்கு 2.9 மான்கள், இரண்டாம் ஆண்டு 2.4, மூன்றாம் ஆண்டு 1.1.

நவம்பர் நடுவில் மீண்டும் கூடினோம். கடும் உறைபனி விழுந்து இரண்டு வாரங்களுக்கு மேல் ஆகியிருந்தது, புதிய சடலம் ஏதுமில்லை. துப்பாக்கி வாரத்தில் அதிகபட்சம் இரண்டு பெண்மான்கள் என்று முடிவாயிற்று. இரண்டு என்பது இலக்கு அல்ல, மேல்வரம்பு என்று உரிமையாளரே எழுதச் சொன்னார்.

விளைவு

ஒரு பெண்மான் மட்டுமே கொல்லப்பட்டது. ஒன்றரை வயது, குடல் நீக்கிய எடை 41 கிலோ. முதலாம் ஆண்டின் அதே வயது மான்களைவிட ஐந்தாறு கிலோ கூடுதல். ஒரே மானை வைத்து மந்தையின் உடல்நிலை தேறிவிட்டது என்று சொல்லிவிட முடியாது, மான்கள் குறைந்ததால் மிஞ்சிய தீவனமும் காரணமாக இருக்கலாம். இரண்டாவதுக்கான வாய்ப்பு சனிக்கிழமை மாலை அண்ணன் மகனுக்கு வந்தது. இரண்டு குட்டிகளோடு தாய்மான் ஒன்று 40 மீட்டர் தூரத்தில் வெகுநேரம் நின்றது. இரண்டு குட்டிகளையும் அந்த ஆண்டில் காப்பாற்றிவிட்ட தாய் என்பதால் விட்டுவிட்டதாக இரவில் சொன்னார். ஆறு வேண்டும் என்று வாதாடியவர் அவர்தான்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

பெண்மானை எப்படி அடையாளம் காண்பது என்ற பாடத்தை முதல் அம்புக்கு முன்பே நடத்தியிருக்க வேண்டும். அதைச் செய்யாததற்கு ஓர் ஆண்குட்டி விலையாயிற்று. முதியவரை ஆரம்பத்தில் சமாதானப்படுத்தவேண்டிய ஒருவராக நாங்கள் நடத்தியதும் பிழை. எங்களில் மான்களை அதிகம் அறிந்தவர் அவர். விதிகளை எழுதும் பொறுப்பை முதல் நாளே அவரிடம் கொடுத்திருந்தால் பாதி விவாதம் மிச்சமாகியிருக்கும்.

எண்ணிக்கையை முன்கூட்டியே முடிவுசெய்யும் பழக்கத்தைக் கைவிட்டோம். இனி ஆகஸ்டில் ஒரு தற்காலிக எண் மட்டும் எழுதப்படும். செப்டம்பர் முழுதும் வாரம் ஒருமுறை ஓடையோரம் நடந்து பார்த்தபிறகு, அக்டோபர் இரண்டாம் வாரத்தில் அது உறுதியாகும் அல்லது அடித்து மாற்றப்படும். சடலங்கள் தென்படும் ஆண்டில் உறைபனிவரை பெண்மான்கள் தொடப்படமாட்டா. அண்டை நிலத்தவர்களையும் ஆகஸ்ட் கூட்டத்துக்கு அழைப்பதென்று தீர்மானித்திருக்கிறோம். அவர்களில் ஒருவர் வரச் சம்மதித்துள்ளார்.

நான்காம் ஆண்டின் மே மாதத்தில் வடக்குச் சரிவுக் கூண்டுக்குப் போனோம். கூண்டுக்கு வெளியே ஒரு டிரில்லியம் பூத்திருந்தது, கடிபடாமல். முதியவர் அதன் அருகே ஒரு குச்சியை நட்டு, தேதியை எழுதிக்கொள்ளச் சொன்னார்.